நீலக் கயிற்றுக் கட்டு

நம் வாசகர் வட்டத்தின் போன மாதக் கூட்டத்தில் நீங்கள் ஆளாளுக்கு ஐந்து உலக நாவல்களின் பெயரைச் சொன்னீர்கள். எழுதியவர் யார், மொழிபெயர்த்தவர் யார், எந்த நாடு, என்ன பரிசு, எல்லாம் மடமடவென்று வந்தது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் அட்டைப் படத்தில் என்ன இருந்தது என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. என் முறை வந்தபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு டீ ஊற்றப் போய்விட்டேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. எரிந்தது வயிறு.

நமக்கெல்லாம் அறுபதை ஒட்டிய வயது. இந்த வயதிலுமா அடுத்தவர் படித்த புத்தகத்தைப் பார்த்துப் பொறாமை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட நான் குறைவாகப் படித்தவள் இல்லை. பத்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் பாதி உலகத்தைப் படித்து முடித்தவள். ஆனால் அன்றுவரை ஒன்றுக்குக்கூடப் பெயர் தெரியாது. நான் படித்த புத்தகங்களுக்கு அட்டை கிடையாது.

ஓசூருக்குத் தொழிற்பேட்டை வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்த சமயம். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் லேத் வேலை. எங்கள் வீட்டில் இருந்து மூன்றாவது தெருவில், தகரக் கூரை போட்ட பழைய பேப்பர் குடோன் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை ஊரே பாய் என்றது. அவர் மகள் என் வகுப்பு, என் பெஞ்சு, என் தோழி. அவள் அவரை அத்தா என்று கூப்பிடுவாள். கேட்டுக் கேட்டு நானும் அத்தா என்றே கூப்பிட்டேன். அவர் ஒரு நாளும் திருத்தவில்லை. அவள்தான் ஒரு தரம், "ஏன், உனக்கு உங்கப்பா இல்லியா?" என்று கேட்டாள். எங்களுக்குள் போட்டி அன்றைக்கு ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் யார் வீடு காலி செய்தாலும், எந்த நூலகம் பழசைக் கழித்தாலும் அது லாரி ஏறி அந்தக் குடோனுக்கு வந்துவிடும். கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ், தமிழ் எல்லாம் ஒரே குவியல். வந்ததும் செய்கிற முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. அட்டை தனிச் சரக்கு, தாள் தனிச் சரக்கு. நான்கு பெண்களும், ஆள் குறைந்த நாளில் என் தோழியும், சாக்கு விரித்து உட்கார்ந்து, புத்தகத்தை முழங்காலில் அழுத்தி ஒரே இழுப்பில் கிழித்துப் போடுவார்கள். அந்த இழுப்பில் பெயர் அச்சடித்த முதல் தாளும் கூடவே வந்துவிடும். கதை ஒரு பக்கம் விழும், பெயர் இன்னொரு பக்கம் விழும். கதை எங்களுக்கு.

பிறகு தரம் பிரிப்பார்கள். செய்தித்தாள் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கு, கூடைக்கு அடியில் விரிக்க. அட்டை போன புத்தகங்களும் அங்கேதான். மல்கோவா மாதிரி உயர்ந்த பழத்தைத் தனித்தனியாகச் சுற்ற ஒரு புத்தகத் தாள் அளவெடுத்த மாதிரி இருக்கும். இவற்றுக்குச் சணல் கயிறு. பரீட்சைப் பேப்பர், எழுதிய நோட்டு போன்றவை மட்டும் மண்டிக்கு ஆகாது, மை பழத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை நீல நைலான் கயிற்றால் கட்டி மூலையில் அடுக்கிவைப்பார்கள். காகித ஆலை லாரி மாதக் கடைசியில் வந்து எடுக்கும்வரை நீலக் கட்டு இடத்தை விட்டு அசையாது. இந்த நீலக் கயிற்றைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தா எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"படிங்க, வேணாங்கல. ஆனா எதையும் எடுத்து வெக்கக் கூடாது. வெச்சா கரையான் வரும். லாரி வந்தா அது போயிடணும்."

நீங்கள் நூலகத்தில் பதினைந்து நாள் கெடு வைத்துப் படித்தவர்கள். நாங்கள் லாரி சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே படித்தவர்கள். கொலைகாரன் கதவைத் தட்டுகிற இடத்தில் கட்டு லாரி ஏறிவிடும். கதவைத் திறந்தார்களா இல்லையா என்பது கிருஷ்ணகிரியில் ஏதோ ஒரு மல்கோவாவுக்குத்தான் தெரியும்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் வருகிற பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. ஆளை ரொட்டிக்காரன், மீசைக்காரன், குதிரைக்காரி என்றே சொல்லிக்கொள்வோம். எந்த நாடு என்பதைக் குளிரையும் சாப்பாட்டையும் வைத்துக் கண்டுபிடிப்போம். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வந்தால் பனி விழுகிற நாடு. சோறும் மீனும் வந்தால் கிழக்கே எங்கேயோ. பாத்திரங்கள் மத்தியானம் தூங்கினால் வெயில் நாடு, நம்மைப் போலத்தான் என்று சந்தோஷப்படுவோம். அடுத்தடுத்து வந்த மூன்று அரசாங்கங்களுக்கும் சீருடை தைத்துக் கொடுத்த ஒரு துறைமுகத் தையல்காரன் கதையை அங்கேதான் படித்தேன். மூன்றாவது அரசாங்கம் வந்த பிறகு அவன் என்ன ஆனான் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

என் தோழிக்குத் தெரியும். அவளுக்கு எல்லாமே தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவள் வீடு குடோனை ஒட்டியே இருந்தது. நினைத்தபோது வரலாம், நினைத்தபோது போகலாம். லீவு நாளில் என் நேரத்தை அப்பாவின் ஷிப்ட் தீர்மானித்தது. சி ஷிப்ட் வாரத்தில் அப்பா பகலெல்லாம் தூங்குவார், "வெளிய போய்த் தொலைங்க" என்று அம்மாவே விரட்டுவாள். எனக்கு அது பொற்காலம். பி ஷிப்ட் வாரம் வந்தால் செத்தேன். அப்பா காலையில் வீட்டில் இருப்பார். அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, கம்பெனி பஸ் ஏற்றி, தம்பிக்கு ஊட்டி முடித்து நான் குடோனுக்கு ஓடும்போது மணி மூன்றாகிவிடும். அதற்குள் அவள் நூறு பக்கம் தாண்டியிருப்பாள்.

முடிவைச் சும்மா சொல்லவும் மாட்டாள். பெஞ்சில் ஜன்னல் ஓர இடத்தைக் கொடுத்தால்தான் ஒரு முடிவு. அவள் வரைபட நோட்டில் ஆறுகளை நான் வரைந்து கொடுத்தால் ஒரு முடிவு. ஒரு தடவை, "நீதான் கெட்டிக்காரி, நான் மக்குன்னு சொல்லு, சொல்றன்" என்றாள். நான் சொன்னேன். குதிரைக்காரி செத்துப்போனாள் என்று தெரிந்துகொள்வதற்காக என் வாயாலேயே என்னை மக்கு என்று சொன்னேன். இன்றைக்கும் எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிறேன் என்று நீங்கள் கேலி செய்கிறீர்களே, அந்த நோய் இங்கே பிடித்ததுதான்.

அந்தக் கோடை லீவில் வந்தது கோட்டுப் புத்தகம்.

தடியான புத்தகம். முதுகில் பசை உரிந்து, பச்சை நூல் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முட்டைக்கோசு நாட்டுக் கதை. உறைந்துபோன ஆற்றங்கரையில் ஒரு வீடு. அதில் அக்காள், தங்கை இரண்டே பேர். குளிரில் வெளியே போக அப்பா விட்டுப்போன கோட்டு ஒன்றே ஒன்றுதான். அக்காள் அதைப் போட்டுக்கொண்டு போனால் தங்கை ஜன்னலில் நின்று பார்ப்பாள். தங்கை போனால் அக்காள் பார்ப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்ததே இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒருவர் நானூறு பக்கம் எழுதியிருக்கிறார் என்றால் பாருங்கள். இன்று வருகிற நாவல்களில் ஊரே எரிகிறது, மூன்று தலைமுறை சாகிறது. எனக்குக் கண் கலங்குவதில்லை. அந்தத் தங்கை ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற இடத்தை இப்போது நினைத்தாலும் கலங்குகிறது.

அது பி ஷிப்ட் வாரம். அன்று நான் வந்து சேர்ந்தபோது, கதையில் ஆற்றுப் பனி உடைய ஆரம்பித்துவிட்டது. தங்கைக்குக் காய்ச்சல். மருந்து வாங்க அக்காள் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறாள். திரும்பி வந்தாளா? இன்னும் முப்பது பக்கம் இருந்தது. எனக்கு வீட்டுக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது.

"நாளைக்குக் காலைல நான் முடிச்சிடுவன்," என்றாள் தோழி. "மத்தியானம் வா, சொல்றன். சும்மா இல்ல."

அந்தப் புத்தகத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. சட்டத்தை மீறி, பெரிய தராசுக்குப் பின்னால் செருகி வைத்தாள். பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் அம்மா கூப்பிட, வீட்டுக்குள் போனாள். குடோனில் நான் தனியாக நின்றேன்.

புத்தகத்தைத் திருடவில்லை. அதைக் கொஞ்சம் கவனியுங்கள். எடுத்து, மூலையில் இருந்த நீலக் கட்டு ஒன்றில், பரீட்சைப் பேப்பர்களுக்கு நடுவில் கை நுழைகிற மட்டும் தள்ளிவிட்டேன். நீலக் கட்டு மாதக் கடைசிவரை அசையாது. மறுநாள் மத்தியானம் நானே எடுத்துக்கொடுக்கலாம் என்று கணக்கு. ஒரே ஒரு காலை அவளும் என்னைப் போல முடிவு தெரியாமல் தவிக்கட்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று சாயங்காலமே காற்றும் ஆலங்கட்டி மழையும் பிடித்துக்கொண்டது. தம்பியும் நானும் ஆலங்கட்டி பொறுக்கித் தின்றோம்.

மறுநாள் மூன்று மணிக்குப் போனபோது மூலை காலியாக இருந்தது. சணல் கட்டும் இல்லை, நீலக் கட்டும் இல்லை. அட்டை கிழிக்கிற பெண் ஒருத்தி சொன்னாள்:

"காத்துல காய் பூரா கொட்டிப்போச்சாம். இன்னைக்கே கட்டி அனுப்பலன்னா அழுகிடும்னு மண்டிக்காரங்க விடியக்கால டெம்போ எடுத்துக்கினு வந்துட்டாங்க. மையாவது ஒண்ணாவது, கெடச்ச தாளெல்லாம் ஏத்திக்கினு போய்ட்டாங்க."

தோழி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அத்தா பாத்துட்டாரு. நான் எடுத்து வெச்சதக் கண்டுபுடிச்சி கட்டுல போட்டு அனுப்பிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படியா பண்ணாரு?" என்று கேட்டேன். ஆமாம், அதையும் செய்தேன்.

அடுத்த நாள் அத்தா இன்னொரு லோடோடு கிருஷ்ணகிரி போனார். மாங்காய் பார்க்க வேண்டும் என்று தோழி அடம் பிடித்தாள். என்னையும் இழுத்துக்கொண்டாள். டெம்போவில் போகிறோம் என்றதும் தம்பி ஓவென்று அழுதான். அம்மா என்னை மட்டும் அனுப்பினாள்.

மண்டியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வைக்கோலும் பழமும் ஈரச் சாக்கும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. காற்றில் விழுந்த காய் தனியாக, மரத்தில் பறித்த பழம் தனியாகக் குவித்திருந்தார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பழத்தைத் தாளில் சுற்றிச் சுற்றிக் கூடையில் வைத்தார்கள். ஒவ்வொரு பழத்தின் மேலும் யாரோ எழுதிய பரீட்சை. தோழி நேராகப் போய் ஒரு அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவள் தெலுங்கு பேசுவாள், கன்னடம் பேசுவாள். அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது.

"சுத்தினத பிரிக்கக் கூடாது, தாயி," என்றாள் அந்த அம்மா தமிழில், என்னையும் பார்த்து. "கட்டாம கெடக்கறத வேணா பாத்துக்கோங்க."

கூடை கூடையாகக் குனிந்து தேடினோம். அச்சடித்த தாள் தெரிந்தால் எழுத்தைப் பார்ப்போம். ஜன்னல், பனி, அக்கா என்று ஏதாவது இருந்தால் நம்முடையது. மத்தியானம்வரை தேடி ஏழு தாள் கிடைத்தன. மூன்று தாளில் பழத்தின் பால் வடிந்து ஒட்டியிருந்தது. அத்தா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு செந்தூரா பழத்தை நறுக்கி வாங்கி வந்தார்.

"நம்ம குடோன்ல இல்லாத தாளா? இங்க வந்து பொறுக்கறீங்க," என்று சிரித்தார்.

தோழி பழத்தை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இரண்டு பங்கையும் தின்றேன்.

திரும்பும்போது டெம்போவின் பின்பக்கம், காலிக் கூடைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அத்தா முன்னால் டிரைவரோடு இருந்தார். தோழி தாள்களைப் பக்க எண்படி அடுக்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். நடுவில் இல்லாத பக்கங்களுக்கு, "இங்க இப்படித்தான் இருந்திருக்கும்" என்று அவளே சொன்னாள். ஏழு தாளும் முடிந்தது. அக்காள் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள். நான் அழ ஆரம்பித்தேன். கதைக்காக அழுதேனா, செய்த காரியத்துக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாவாடை மடிப்பில் இருந்து எட்டாவதாக ஒரு தாளை எடுத்தாள்.

"கடசிப் பக்கம் கெடச்சிது. உனக்குச் சொல்லாம வெச்சிருந்தன்," என்றாள். படித்தாள்.

அக்காள் திரும்பி வந்துவிட்டாள். உடைகிற பனிமேல் கால் வைத்துக் கால் வைத்து வந்தாள். மருந்து கொண்டுவந்தாள். கையில் இன்னொரு கோட்டும் இருந்தது. தங்கைக்குக் காய்ச்சல் விட்டதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாகச் சேர்ந்து தெருவில் நடந்தார்கள்.

சூளகிரி தாண்டி வெயில் நேராக அடித்தது. அவள் பிடித்திருந்த தாள் வெளிச்சத்தில் எனக்கு முழுசாகத் தெரிந்தது. நீல மையில் கோணல் எழுத்து. ஓரத்தில் சிவப்பு மையில் சுழித்த மார்க்கு. யாரோ ஒரு பிள்ளை எழுதிய பூகோளப் பரீட்சை அது. அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் எனக்காக ஒரு முடிவைப் படித்தாள். ஜன்னல் இடம் கேட்கவில்லை, மக்கு என்று சொல்லச் சொல்லவில்லை.

எனக்கு வந்திருக்க வேண்டியது நன்றி. வந்தது என்ன தெரியுமா? இவளால் இப்படி முடிகிறதே, புத்தகம் இல்லாமலே முடிகிறதே என்ற பொறாமை. அதுவரை அவளுக்குப் புத்தகம் கிடைக்கிறது என்றுதான் பொறாமைப்பட்டேன். அன்று முதல் அவள் தலைக்குள் இருப்பதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அத்தாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடோனுக்கு வந்தாலும் மூலையில் உம்மென்று உட்கார்ந்திருப்பாள். அத்தா அதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். மகள் வளர்ந்துவிட்டாள், பழைய பேப்பர்த் தூசி அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார். பள்ளி திறந்த வாரம், "பெரிய புள்ளைங்களாயிட்டீங்க, இந்தத் தூசியில எதுக்கு?" என்று எங்கள் இரண்டு பேரையும் குடோனுக்கு வர வேண்டாம் என்றார். வீட்டில் அவளுக்கு ஒரு மேஜையும் டியூப் லைட்டும் போட்டுக் கொடுத்தார். நல்லது செய்ததாகவே கடைசிவரை நினைத்திருப்பார். அவள் அந்த மேஜையில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் விரித்து நான் பார்த்ததில்லை. என் அட்டையில்லா உலகமும் அன்றோடு மூடிக்கொண்டது.

அத்தா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அன்று போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டம் முடிந்த அதே வாரம், புத்தகக் கண்காட்சியில் நீங்கள் எல்லோரும் பரிசு வாங்கிய நாவல்கள் இருந்த கடையில் மொய்த்தபோது, நான் வேறு ஒரு கடையில் நின்று, புதிதாக மொழிபெயர்த்த ஒரு நாவலைச் சும்மா பிரித்தேன். சுவரில் இரண்டு ஆணி, ஒரு கோட்டு என்று ஒரு வரி. அந்தக் கோட்டுப் புத்தகமேதான். அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள். பளபளவென்று அட்டை. அட்டையில் பெயர். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு புத்தகத்தை வாங்கினேன்.

தோழி இப்போது ராயக்கோட்டையில் இருக்கிறாள். மகனுக்குத் தக்காளி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். சானமாவு காட்டுப் பக்கம் யானை ரோட்டைத் தாண்டுகிறது என்று முக்கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மடியில் புத்தகம். இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவளுக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. பெரிய எழுத்துகூடத் தெரிவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி புத்தகத்தை வாங்கி மோந்து பார்த்தாள். "புதுசு," என்றாள். என்ன புத்தகம் என்று சொன்னேன். புத்தகத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள். பிறகு, "படி," என்றாள்.

நான்கு ஞாயிறு போனேன். சத்தமாகப் படித்தேன். முன்னறையில் மகனின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். மருமகள் சமையல்கட்டு வாசலில் நின்று காதைக் கொடுப்பாள். தோழியின் வீட்டில், தோழியின் முன்னால், முதல் தடவையாகப் புத்தகம் என் கையில் இருந்தது. அடுத்த பக்கத்தில் என்ன என்று அவள் என்னைக் கேட்டாள். அந்தச் சுகத்தை மறைக்க மாட்டேன்.

நான்காவது ஞாயிறு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கண்ணால் ஒரு ஓட்டம் ஓட்டினேன். அக்காள் திரும்பி வரவில்லை. புத்தகத்தை மூடாமல், அதைப் பார்த்துக்கொண்டே, டெம்போவில் அவள் சொன்ன முடிவைப் படித்தேன். பனிமேல் கால் வைத்து வந்தாள், மருந்து, கையில் இன்னொரு கோட்டு, இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தா மட்டும் அன்னைக்கு அதக் கட்டுல போடாம இருந்திருந்தா, அப்பவே முழுசாப் படிச்சிருப்பம் இல்ல?"

இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அத்தா போடல," என்றேன். "நான்தான் போட்டன். நீலக் கட்டு மாசக் கடசிவரைக்கும் போகாதுன்னு நெனச்சிப் போட்டன். நீ முதல்ல முடிச்சிடுவன்னு பொறாம."

போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மருமகள் வாசலில் இருந்து உள்ளே போய்விட்டாள்.

"ஆறு மாசம் அவருகிட்ட சரியாப் பேசல நானு," என்றாள் தோழி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஒரு நாளு சோறு போடும்போது கேட்டாரு. 'நான் எதாச்சும் தப்பு செஞ்சிட்டனா, புள்ள?'ன்னு. ஒண்ணுமில்லன்னு தட்ட வெச்சிட்டு எழுந்து போய்ட்டன்."

நான் அவள் கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"கடசிப் பக்கத்தப் படி," என்றாள்.

"படிச்சனே."

"நான் சொன்னது எனக்குத் தெரியாதா? அதுல இருக்கறதப் படி."

படித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து முன்பின் தெரியாத ஒருவன் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். பையில் மருந்து இருக்கிறது. தங்கைக்கு உடம்பு தேறிவிடுகிறது. கோட்டு இனி முழுக்க அவளுடையது. அவள் அதை ஆணியில் மாட்டிவைக்கிறாள். வெளியே போவதில்லை.

தோழி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். முழங்காலில் வைத்து அழுத்தி, ஒரே இழுப்பில் அட்டையைக் கிழித்தாள். கண் தெரியாவிட்டாலும் கை மறக்கவில்லை. முதல் தாளும் கூடவே வந்தது. அதை என்னிடம் நீட்டினாள்.

"பேர் நீ வெச்சிக்க. புக்கு இங்க இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம வா. மருமக மொதல்ல இருந்து படிப்பா. நீ கீழ உக்காந்து கேளு."

அந்த அட்டை என் பையில் இருக்கிறது. உலக நாவல் ஒன்றின் பெயர் கேட்டீர்களே, எழுதியவர், மொழிபெயர்த்தவர், பரிசு, எல்லாம் அதில் அச்சடித்திருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள். கதை வேண்டுமென்றால் ராயக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அது மறுபடியும் அவளிடம்தான் இருக்கிறது. நானும் ஞாயிற்றுக்கிழமை போவேன், கீழே உட்காருவேன். இப்போதே அந்த மருமகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.